உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்

நான் கட்டடங்களுக்குப் படம் கீறுற ஆள். ஊரிலை "ஆர்க்கிடெக்ட்" எண்டு சொன்னால் "ஓ, எஞ்சினியரோ?" எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போறதுதான் சுகம். கன வருசமாய் வீடுகள்தான் கீறினன். முன்னுக்கு நாலு தூண், மேலை ஒரு பல்கனி. அந்தப் பல்கனியிலை ஒருநாளும் ஒருத்தரும் நிக்கிறேல்லை. உதேன் எண்டு கேட்டால் "சும்மா, ஒரு வடிவுக்கு" எண்டுவினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்பிடி இருக்கேக்கைதான் யாழ்ப்பாணம் ரவுணிலை, குருநகர்ப் பக்கமாய், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது வளாகம் கீறித் தரச் சொல்லிக் கேட்டுவந்திச்சினம்.

அதிபர் குருநகர் மனுசி. ஐம்பது தாண்டியிருக்கும், வாய் சரியான காரம். முதல் நாள் என்னை அந்த வெறுங்காணிக்குள்ளை கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டு, "பிள்ளை, மணி அடிச்சால் உள்ளை, மணி அடிச்சால் வெளியை எண்டு ஒரு மாட்டுப்பட்டி எனக்கு வேண்டாம். என்ரை பிள்ளையள் தாங்களாய் ஒண்டைத் தேடிக் கண்டுபிடிக்கோணும். அப்பிடி ஒரு இடம் கீறித் தா" எண்டா. அந்த இடத்திலையே அவவைக் கட்டிப் பிடிக்கலாம் போலை இருந்தது. கடல்காத்து கருவாட்டு மணத்தோடை வந்துகொண்டிருந்தது. ரெண்டு பேரும் வெய்யிலைக் கூடப் பாராமல் நிண்டு கதைச்சம்.

சின்னக் காணிதான். ரவுணுக்கை பெரிசாய் எங்கை கிடைக்கிறது? ஆனாலும் நான் கீறினதிலை ஒரு நேரான விறாந்தை கூட இல்லை. வகுப்பிலை இருந்து வாசிகசாலைக்குப் போக மூண்டு நாலு வழி வைச்சன், எதாலை போறது எண்டது பிள்ளையின்ரை விருப்பம். சுவருகளிலை பிள்ளையின்ரை கண் மட்டத்துக்குச் சின்னச் சின்ன யன்னல்கள். ஒண்டாலை பாத்தால் குசினித் தோட்டம், ஒண்டாலை பாத்தால் அதிபரின்ரை கதிரை. மொட்டைமாடிக்கு ஒரு படி, அங்கை ஏறினால் கடல் தெரியும். மழைத்தண்ணி எங்காலை வந்து எங்காலை போகுது எண்டு பாக்க ஒரு திறந்த வாய்க்கால். "புல்லிலை மிதிக்காதே" எண்டு ஒரு பலகை இந்த வளவுக்கை வந்தால் நானே வந்து பிடுங்கி எறிவன் எண்டு அதிபருக்குச் சொல்லி வைச்சன். அவ சிரிச்சா.

இவ்வளவு ஆவேசம் ஏனெண்டால், எனக்கு ஏழு வயசிலை ஒரு மகள் இருக்கிறாள். அவள் என்ரை கையை விடமாட்டாள். பூங்காவுக்குக் கொண்டுபோனால் ஊஞ்சலுக்குப் பக்கத்திலை என்ரை சுடிதார்ச் சோலின்ரை நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். கலியாண வீட்டிலை மற்றப் பிள்ளையள் கதிரைகளுக்குக் கீழை ஓடித் திரிவினம், இவள் என்ரை மடியிலை. "நல்ல அடக்கமான பிள்ளை" எண்டு சனம் புகழும். எனக்கு வாற கோவத்துக்கு அளவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன அடக்கம்? அடுத்த வருசம் அவளை இந்தப் பள்ளிக்கூடத்திலைதான் சேர்க்கிறதாய் இருந்தது. வெளியை நான் என்ன சொன்னாலும், உண்மையிலை அந்த வளாகத்தை நான் கீறினது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். என்ரை பிள்ளை ஒருநாள் என்ரை கையை விட்டிட்டு, எனக்குத் தெரியாத ஒரு மூலைக்கு ஓடோணும்.

அதுக்காகத்தான் குன்று. எங்கடை ஊரிலை மேடு எண்டால் றோட்டிலை போட்டிருக்கிற வேகத்தடைதான். இஞ்சை பிறந்த பிள்ளைக்கு ஒண்டிலை ஏறி, உச்சியிலை நிண்டு கத்தி, உருண்டு வாறது எண்டால் என்னெண்டே தெரியாது. வளாகத்தின்ரை நடுவிலை ஒரு மண் குன்று கீறினன். குன்றுக்குக் கீழாலை ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் நிண்டு பாத்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியக் கூடாது, தெரிஞ்சால் தேடுறதுக்கு என்ன இருக்கு? அதாலை நடுவிலை ட எழுத்து மாதிரி ஒரு முறிவு வைச்சன். சுவருக்கு உரப்பையிலை மண் நிரப்பி அடுக்கிறது. மொறட்டுவைக் கம்பசிலை படிக்கேக்கை எங்களுக்கு அதைப் புதுத் தொழில்நுட்பம் எண்டு வெளிநாட்டுப் படங்கள் போட்டுக் காட்டினவை. மேலுக்குப் பனங்குற்றி. ஒரு இரவிலை, ஒரே மூச்சிலை கீறினன். ஒரு இடத்திலையும் அழிறப்பர் தொடேல்லை. ஆண்டவன் கையைப் பிடிச்சுக் கீறுவிச்ச மாதிரி இருக்குது எண்டு என்ரை அவருக்குப் பெருமை அடிச்சன்.

மண் இறுக ஒரு மாரி வேணும். அதாலை மற்ற வேலை துவங்க முதலே குன்றைக் கட்டுவம் எண்டு முடிவெடுத்தம். கடற்கரை மணல் நிக்காது, வலிகாமத்துச் செம்மண் வேணும் எண்டு கட்டட வேலை எடுத்த கொந்திறாத்துக்காரரிட்டைச் சொன்னன். டிப்பரிலை வந்து இறங்கிச்சுது.

அந்த வேலை நடந்த விதம் இப்ப நினைச்சாலும் ஒரு மாதிரி. மேசன்மார் எண்டால் பகிடியும் பாட்டும் றேடியோவுமாய்த்தானே இருப்பினம். குன்று கட்டின நாளுகளிலை ஒரு சத்தமில்லை. வயசான நாலைஞ்சு பேர், நான் படத்தை விரிக்க முதலே பையை நிரப்பி, வாயைக் கட்டி, ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கிக்கொண்டு போகினம். ஒருத்தரும் என்னட்டை ஒரு அளவு கேக்கேல்லை. இளம் ஆக்கள் தள்ளி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டினம். கூரைக்கு மேலை ரெண்டு வரி மூட்டை காணும் எண்டு எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தந்திருந்தவர். "இல்லை, மூண்டு வரி வையுங்கோ" எண்டு நான் சொன்னன். ஏன் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. எஞ்சினியர் சிரிச்சார், "என்ன மடம், மேலாலை பஸ் விடப் போறியளோ?" மேசன்மார் சிரிக்கேல்லை. பறையாமல் மூண்டாவது வரியை அடுக்கிச்சினம்.

மாரி பேஞ்சு முடிய, குன்றிலை புல்லுப் பிடிச்சு வடிவாய் வந்திட்டுது. பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புப் பிள்ளையளை ஒரு சனிக்கிழமை காலமை கூட்டிக்கொண்டு வாருங்கோ, அவை என்ன செய்யினம் எண்டு பாப்பம், பாத்துத்தான் மிச்சத்தைக் கட்டுவம் எண்டு அதிபரிட்டைக் கேட்டன். இருபது முப்பது பிள்ளையள் வந்தினம். என்ரை மகளும் வந்தாள், என்ரை சோலைப் பிடிச்சுக்கொண்டு.

கேற்றிலை இருந்து ஓடித்தான் வந்தவை. கூச்சல் காதைப் பிளந்தது. அதிபர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சா. குன்றுக்குக் கிட்ட வர, முன்னாலை ஓடி வந்த பெட்டை நிண்டாள். பின்னாலை வந்தவையும் நிண்டிச்சினம். கூச்சல் அப்பிடியே அடங்கிச்சுது. "போங்கோ, ஏறுங்கோ, உருளுங்கோ! ஒருத்தரும் ஏசமாட்டினம்" எண்டு நான் கத்தினன். ஒருத்தரும் ஏறேல்லை. குன்றைச் சுத்தி, அடியோடை ஒட்டினபடி, ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தராய் நடந்திச்சினம். அப்பதான் என்ரை மகள் என்ரை சோலை விடாமலே எட்டி, முன்னுக்கு நிண்ட பெட்டையின்ரை காதிலை என்னவோ சொன்னாள். அவள் மற்றவளுக்குச் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தராய்க் குனிஞ்சு சுரங்கத்துக்கை போச்சினம்.

நான் மற்ற வாசலிலை போய் நிண்டன். இப்ப கூச்சல் கேக்கும், இப்ப சிரிப்புக் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒண்டுமில்லை. ஒரு பிள்ளையும் இந்தப் பக்கத்தாலை வரேல்லை. அவ்வளவு பிள்ளையள் போனதுக்கு ஒரு இருமல் கூடக் கேக்கேல்லை. குனிஞ்சு உள்ளை போனன்.

ரெண்டு பக்கமும் சுவரோடை முதுகை ஒட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிப் பிடிச்சபடி இருந்திச்சினம். நடுவிலை ஒரு ஆள் போறதுக்கு அளவாய் வழி விட்டு. அந்த அரை இருட்டிலை எல்லாற்றை கண்ணும் என்னைப் பாத்தது. போர் முடிஞ்சு கன காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையள். ஒருத்தரும் அவைக்கு இப்பிடி இருக்கப் பழக்கேல்லை.

"ஏன் இருக்கிறியள்? விளையாடுங்கோவன்" எண்டன். என்ரை குரல் எனக்கே பிடிக்கேல்லை.

"உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம் எண்டு உங்கடை மகள் சொன்னவ அன்ரி" எண்டாள் முன்னுக்கு வந்த பெட்டை. "வந்து பாத்தால் ஒருத்தரும் இல்லை. அதுதான் நாங்கள் இருந்தனாங்கள்."

எல்லாரையும் வெளியிலை கலைச்சுப்போட்டு, வீட்டை வந்ததும் வராததுமாய் மகளைப் பிடிச்சன். "ஆர் உனக்கு உந்தப் பேய்க்கதை சொல்லித் தந்தது?"

"நீங்கள்தானே அம்மா."

"நானோ? எப்ப?"

"எப்பவும்தான். நீங்கள் வீடு கட்டுற இடத்திலை மணல் கும்பி இருக்குமெல்லே? நான் ஏறப் போனால் சொல்லுவீங்கள், மேலை ஏறாதை, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம் எண்டு. பீச்சிலையும் சொன்னனீங்கள்."

பொய் சொல்லாதை எண்டு கத்தினன். என்ரை அவர் அளவெட்டி ஆள், சரியான சாது, எங்களுக்கு நடுவிலை வாய் வைக்கமாட்டார். அண்டைக்கு அவரும் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு மெல்லமாய்ச் சொன்னார், "இஞ்சேர், நீர் சொல்லுறனீர்தான். எத்தினை தரம் கேட்டிருக்கிறன். நான் நினைச்சன் அது உங்கடை பக்கத்துப் பேச்சாக்கும் எண்டு." நான் அவரைப் பாத்த பார்வையிலை எழும்பி முத்தத்துக்குப் போயிட்டார். ஆனால் அவர் பொய் சொல்லுற ஆளில்லை. என்ரை வாயாலை நான் அறியாமல் ஒரு சொல் வருசக்கணக்காய் வந்துகொண்டிருந்திருக்கு. மகள் மணல் கும்பி ஒண்டிலையும் ஏறாமல் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதும் அதாலைதானோ எண்டு யோசிச்சபடி, சோத்தைத் தொடாமல் மூடி வைச்சன்.

எனக்குச் சண்டைக் காலம் ஒண்டும் ஞாபகமில்லை எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான். அதிலை எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. எங்கடை வீடு உரும்பிராயிலை, தோட்டம் செய்யிற குடும்பம். சனமெல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போகேக்கை எனக்கு நாலு வயசு. போன இடத்திலை இருந்து, "மாடு கட்டினபடி நிக்குது, அவிட்டு விட்டிட்டு வாறன்" எண்டு திரும்பிப் போன அப்பா வரேல்லை. காணாமல் போன ஆக்களிலை அவரும் ஒருத்தர். எனக்கு அவர் படத்திலை இருக்கிற ஒரு முகம்தான். பிறகு என்னைக் கொழும்பிலை சித்தியோடை படிக்க விட்டிட்டினம். அம்மாவும் அக்காவும் ஊருக்குத் திரும்பிப் போய் இருந்ததெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம். அம்மா இப்ப இல்லை. அக்கா கனடாவிலை. என்னிலும் பத்து வயசு மூப்பு.

அண்டைக்குப் பின்னேரம் அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தன். அங்கை விடியக்காலமை, குளிருக்கை போர்த்துக்கொண்டு இருந்தா. பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிச் சிரிப்பம் எண்டுதான் எடுத்தன். முதலிலை குன்றின்ரை படத்தை அனுப்பினன். அவ பாத்தா. பாத்துக்கொண்டே இருந்தா.

"காத்துக்கு ஓட்டை வைச்சனியோ?" எண்டு கேட்டா.

"ஓம், ஒரு குழாய்."

"வளைவுக்குக் கிட்ட, இடக்கைப் பக்கம்?"

நான் அனுப்பின படம் வாசல் பக்கத்தாலை எடுத்தது. குழாய் உச்சியிலை, பின்பக்கமாய் இருக்கு, அதிலை தெரியாது.

"அது அப்பாவின்ரை பங்கர் பிள்ளை" எண்டா அக்கா.

விசர்க் கதை கதையாதையுங்கோ எண்டு சொன்னன். அவ கோவிக்கேல்லை. ஒவ்வொண்டாய்ச் சொல்லிக்கொண்டு போனா. வீட்டுக்குப் பின்னாலை, மாட்டுக் கொட்டிலுக்கும் கிணத்துக்கும் இடையிலை, ஷெல்லடிக்குப் பதுங்க அப்பா வெட்டினது. ஷெல் விழுந்தால் துண்டுகள் நேரை உள்ளை வராமல் இருக்கத்தான் ட மாதிரி வளைக்கிறது. மேலுக்குப் பனங்குற்றி போட்டு, அதுக்கு மேலை மண் மூட்டை. அயலட்டையிலை எல்லாரும் ரெண்டு வரி அடுக்க, அப்பா மட்டும் பக்கத்திலை நிண்டு மூண்டு வரி அடுக்குவிச்சாராம். "என்ரை பிள்ளையள் உள்ளுக்கை இருக்கப் போகுதுகள்" எண்டவராம்.

"நீ சின்னனிலை சரியான குழப்படி" எண்டா அக்கா. "எப்ப பாத்தாலும் பங்கருக்கு மேலை ஏறிச் சறுக்குவாய். கீழை இருக்கிற எங்கடை தலையிலை மண் கொட்டும். அம்மா குசினிக்கை இருந்து கத்துவா..."

என்ன கத்துவா எண்டு நான் கேக்கேல்லை. எனக்குத் தெரியும்.

அக்காவுக்குக் கண் கலங்கிட்டுது. "மாடு அவிட்டு விடப் போன அண்டைக்குச் சரியான ஷெல்லடி. அப்பா பங்கருக்கைதான் போயிருப்பார் எண்டு அம்மா கடைசிமட்டும் நம்பினவ. நாங்கள் திரும்பிப் போகேக்கை வீடும் இல்லை, ஒண்டும் இல்லை. வளவு முழுக்க இடிச்சுத் தள்ளிக் கிடந்தது. பங்கர் இருந்த துண்டை மட்டும் அம்மா ஒருத்தரையும் கொத்த விடேல்லை. வெங்காயம் நட வந்த ஆக்களிட்டையும் அதைத்தான் சொல்லுவா. மேலை ஏறாதேங்கோ, உள்ளுக்கை அவர் இருக்கிறார் எண்டு."

"தோண்டிப் பாக்கேல்லையோ அக்கா?"

"நான் கேட்டனான். 'தோண்டி, அவர் இல்லாட்டி நான் பிறகு என்ன செய்யிறது?' எண்டவ. அதுக்குப் பிறகு நான் கேக்கேல்லை."

அம்மா செத்த பிறகு அந்தக் காணியை வித்தாச்சு. கையெழுத்துப் போட நான்தான் போனனான். சுத்திவர வெங்காயம் நிக்க, நடுவிலை ஒரு துண்டு வெறுமையாய்க் கிடந்ததைப் பாத்து, "உதென்ன, தரிசாய் விட்டிருக்கினம்" எண்டு தரகரிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான்.

ரெண்டு நாள் கழிச்சு அதிபரிட்டைப் போய், குன்றை இடிச்சுப்போடுவம் எண்டு சொன்னன். அவ ஏன் எண்டே கேக்கேல்லை. "நான் எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்" எண்டா. சனிக்கிழமை தன்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஒரு தாய், கேற்றிலை நிண்டு குன்றைக் கண்டிட்டு உள்ளுக்கு வராமலே நிண்டவவாம். சந்தையிலை மூட்டை தூக்கி நாட்டாமை வேலை செய்யிற தகப்பன் ஒருத்தர் வந்து, "உதுக்கை இன்னும் எத்தினை பேரை இருத்தப் போறியள் ரீச்சர்?" எண்டு கேட்டிட்டுப் போனவராம்.

"அப்ப ரீச்சர், கட்டேக்கையே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? குருநகரிலை நாங்கள் எத்தினை பேர் உதுக்கை வளந்தனாங்கள். மேசன்மாருக்கும் தெரியும். பால் கொண்டுவாற மனுசிக்கும் தெரியும். நீ வேணுமெண்டுதான் கட்டுறாய் எண்டு நினைச்சம். படிச்ச பிள்ளை, ஏதோ யோசிச்சுத்தான் செய்யிறாள் எண்டு."

எனக்கு அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர் வாய் திறந்து, "மடம், கோதாரி, இது பங்கரெல்லே" எண்டு சொல்லேல்லை. எங்கடை சனத்தைத் தவிர வேறை எந்தச் சனமும் இப்பிடி ஒண்டை மூண்டு வரி மூட்டையோடை கட்டி முடிச்சுப்போட்டுப் பேசாமல் நிக்காது.

அடுத்த திங்கக்கிழமை ஜேசிபி வாறதாய் ஒழுங்கு. அதைச் சொல்லக் கொந்திறாத்துக்காரருக்கு ஃபோன் எடுக்கேக்கை, மண்ணைத் திருப்பி எங்கை கொட்டுறது எண்டு அவர் கேட்டார். எங்கையிருந்து ஏத்தினியள் எண்டு நான் கேட்டன். "உரும்பிராய்ப் பக்கம் மடம். ஆரோ தோட்டக்காணி வேண்டினவை, நடுவிலை கொத்தாமல் ஒரு துண்டு மேடாய்க் கிடந்ததாம், அள்ளிக்கொண்டு போகச் சொன்னவை." உரும்பிராயிலை கன தோட்டம் இருக்கு. கன காணி கைமாறியிருக்கு. நான் அதுக்கு மேலை ஒரு கேள்வியும் கேக்காமல் ஃபோனை வைச்சன்.

அதுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலமை மகளைக் கூட்டிக்கொண்டு அங்கை போனன். ஏன் போனன் எண்டால், இடிக்க முதல் ஒருக்காப் பாக்கோணும் போலை இருந்தது. வேறை ஒண்டுமில்லை. மாதா கோயிலிலை பூசை முடிஞ்சு மணி அடிச்சுது. வளவிலை ஒரு குஞ்சு குருமன் இல்லை. பனி காயாத புல்லு. குன்று சிவப்பும் பச்சையுமாய், ஒரு பாவமும் அறியாத மாதிரி கிடந்தது.

"ஏன் அம்மா இடிக்கினம்?"

"பிள்ளையளுக்குப் பயமாய் இருக்குதாம்."

"அவைக்குப் பயமில்லை. சும்மா இருந்தவை." என்ரை கையை இறுக்கிப் பிடிச்சாள். "இடிச்சால் உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் என்ன செய்வினம்?"

"உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையடி!" நான் போட்ட சத்தத்திலை மதிலிலை இருந்த காகம் பறந்துது.

அவள் அழேல்லை. என்ரை முகத்தை நிமிர்ந்து பாத்தாள். "நீங்கள் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டாள்.

கட்டேக்கை எத்தினை தரம் ரோச் லைற் பிடிச்சு உள்ளை போய் வந்தனான். ஓம் பாத்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். எனக்கு வாய் வரேல்லை.

அப்ப அவள் என்ரை கையை விட்டாள். பிடுங்கேல்லை, ஓடேல்லை. ஒவ்வொரு விரலாய் விட்டிட்டு, நடந்து போய், குனிஞ்சு, அந்த வாசலுக்கை போயிட்டாள். ஏழு வருசமாய் நான் எதைக் காண ஆசைப்பட்டனோ, அதைக் கண்ணாலை கண்டன். என்ரை பிள்ளை என்ரை கையை விட்டிட்டு அப்பாவின்ரை பங்கருக்கை போறாள்.

நிண்டன். சத்தமில்லை. "பிள்ளை" எண்டு கூப்பிட்டன். பதிலில்லை. "வெளியிலை வா! இப்ப வா!" வாசலுக்கை குனிஞ்சு போறதுக்கு என்ன? போகேலாமல் இருந்தது. கால் வரமாட்டன் எண்டுது. முதல் சனிக்கிழமை உள்ளை போன அதே நான், அண்டைக்கு அந்த இருட்டுக்கு முன்னாலை கல்லாய் நிண்டன். காத்துக் குழாய் ஞாபகம் வந்தது. அதாலை கூப்பிட்டால் கேக்கும் எண்டு, நான் குன்றிலை ஏறினன்.

கீறினது நான், கட்டுவிச்சது நான். அதுக்கு மேலை நான் அதுவரைக்கும் ஒருக்காலும் ஏறேல்லை எண்டது உச்சியிலை நிக்கேக்கைதான் எனக்கு உறைச்சுது. குழாயிலை வாயை வைச்சு, "பிள்ளை, எங்கை நிக்கிறாய்?" எண்டு கத்தினன்.

காலடிக்குக் கீழை இருந்து, சரியாய் என்ரை காலுக்குக் கீழை இருந்து, குரல் வந்தது. "அம்மா, ஆடாதேங்கோ. மண் கொட்டுது."

நான் ஒரு காலைத் தூக்கினபடி நிண்டன். வைச்சால் அவளின்ரை தலையிலை கொட்டும். குற்றிகளின்ரை இடுக்காலை கொஞ்சம் மண் உதிரும், அதாலை ஒரு ஆபத்தும் இல்லை எண்டு எஞ்சினியர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? அங்கை நிண்டது ஆர்க்கிடெக்ட் இல்லை. குசினிப் பக்கத்திலை இருந்து இப்ப அம்மாவின்ரை சத்தம் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கேக்கும் எண்டு நான் உண்மையாய் நம்பினன். கீழை அவள் மெல்ல மெல்ல நகருறது கேட்டது. சுவரைத் தடவுற சத்தம். வளைவிலை நிக்கிறாள். பிறகு அதுவும் இல்லை.

மற்ற வாசலாலை வெளிச்சத்துக்கு வந்தாள். தலை முழுக்கச் செம்மண். சட்டையும் போச்சு. என்னைக் காணேல்லை எண்டு அழுவாள் எண்டு நினைச்சன். நிமிர்ந்து மேலை பாத்தாள், கையையும் காலையும் ஊண்டி, புல்லைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறத் துவங்கினாள். அந்தக் குன்றிலை ஏறின முதல் பிள்ளை அவள்தான்.

என்ரை வாய் தன்ரை பாட்டிலை திறந்தது. "ஏறாதை, உள்ளுக்கை ஆக்கள்..."

"இல்லை அம்மா." மூச்சு வாங்கினாள், ஆனால் சிரிச்சாள். "நான் மூலையெல்லாம் தடவி வடிவாய்ப் பாத்திட்டன். ஒருத்தரும் இல்லை."

சொல்லிப்போட்டு, என்ரை கையைத் தொடாமலே, மற்றப் பக்கத்தாலை கூச்சல் போட்டுக்கொண்டு சறுக்கினாள். திரும்ப ஏறினாள். திரும்பச் சறுக்கினாள். நான் அந்த உச்சியிலை குந்தியிருந்து அழுதன். அவள் நான் அழுறதைக் கவனிக்கேல்லை, அவளுக்கு நேரமில்லை.

ஜேசிபிக்காரரை வரவேண்டாம் எண்டு அங்கையே இருந்து ஃபோனிலை சொன்னன். குன்று இப்பவும் இருக்கு, சுத்திவர மற்றக் கட்டடங்களும் எழும்பிட்டுது. இடைவேளை மணி அடிச்சால் உச்சியிலை இடம் பிடிக்கச் சண்டை. மகள் அதிலை முதல் ஆள், பின்னேரம் கேற்றிலை நிண்டு நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைக்கிறன். அக்கா கோல் எடுக்கிற நேரமெல்லாம், "அப்பாவின்ரை அது என்ன மாதிரி, இருக்குதோ?" எண்டு கேப்பா. இருக்குது அக்கா, பிள்ளையள் விளையாடுகினம் எண்டு சொல்லுவன். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை எண்டு மகள் பாத்துச் சொன்னதை மட்டும் நான் அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.